விற்பான் வாய்மை

உலகத்து வழங்கும் வாணிக வகைகளுள் பழம்பொருள் வாணிகம் ஒன்று. புதுப்பொருளை விற்பான் அப்பொருளையே காட்டி விற்பான். பழம்பொருளை விற்பானோ அப்பொருளோடு அதன் வரலாற்றையுஞ் சேர்த்து விற்பான். பொருள் கண்முன் நிற்பது. வரலாறு கண்ணுக்குப் புலனாகாது சொல்லின்கண் நிற்பது. ஆகவே அவ்வாணிகத்தில் விலை பெறுவனவற்றுள் ஒரு பெரும்பகுதி சொல்லேயாம். அச்சொல் எத்தன்மைத்தாதல் வேண்டும், எவ்வளவு சொல்லுதல் கடன், எதனைச் சொல்லாது விடுதல் குற்றம் என்னும் இவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு யாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது மேனாட்டார் பேணி விற்கும் பழைய பந்தய மோட்டார் வண்டியாகும். தத்துவப் பொருள்களை ஆராயும் இவ்விதழில் மோட்டார் வண்டிக்கு இடம் யாது என வினவுவார் உளராயின், குடமும் ஆடையும் தேரும் தருக்க நூலார்க்கு எடுத்துக்காட்டாயினவாறு போல இதுவும் ஆயிற்றென்க. குடத்தை எடுத்துக்காட்டினார் குயவன் தொழிலைக் கற்பித்தற்கு அதனை எடுத்துக்காட்டினாரல்லர். அன்றியும், உறுப்பு வேறு உறுப்பி வேறோ அன்றோ என்னும் பழைய வழக்கு, நூலோர் அவைக்களத்தை விட்டு நீங்கி, அரசமன்றத்து நடுவர் முன்னர்ச் சென்று தீர்ப்பும் பெற்றது இம் மோட்டார் வண்டி காரணமாகவே யாகும். அதனை அறியாதார்க்கு அறிவித்தலும் ஒரு பயனேயாம்.

இங்கிலாந்து முதலிய நாடுகளிலே, செய்யப்பட்டு ஐம்பது, அறுபது, நூறாண்டுகள் கழிந்த பந்தய வண்டிகளைச் செல்வர் பலர் போற்றிவைத்து, ஒரோவழி விற்பனைக்கு விடுப்பர். விடுப்போர் தம் விளம்பரத்தில், "நன்கு பேணப்பட்டது", "தொழிற்சாலையில் அமைத்த எஞ்சினே இன்றும் உளது", "இத்துணை மைல்களே ஓடியது", "இதுகாறும் உடையார் இருவரே" என்றின்னோரன்ன கூறுவர். இவற்றை நுனித்து நோக்கின், வண்டியின் இப்போதைய ஓட்டத்தைப் பற்றியது இவற்றுள் ஒன்றேனும் இன்றாதல் காண்க. எல்லாம் இறந்தகாலத்தைப் பற்றியனவே. அதே அளவும் அதே வடிவும் அதே விரைவும் உடையதாக நேற்றுச் செய்த படி ஒன்று பழையதன் விலையிற் சிறுபகுதியும் பெறாது. வேறுபாடு இரும்பின்கண் இன்று; வரலாற்றின்கண்ணே உளது. ஆகலின் வரலாற்றைத் திரித்துக் கூறுவான் பொருளையே திரித்துக் கொடுப்பானாகின்றான் என்பது முதற்கண் உளங்கொளற்பாலது.

இனி, மேற்குறித்த வழக்கின் வரலாறு கூறுவாம். 1919-ஆம் ஆண்டில் தோன்றிய பென்ட்லி மோட்டார் நிறுவனத்தார் செய்த வண்டிகள், பிரான்சு நாட்டு ல மான் என்னும் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இடையறாது நிகழும் பந்தயத்தில் ஐந்துமுறை வென்றன. அவற்றுள் 1929, 1930 ஆகிய ஈராண்டும் வென்றது 'பழைய முதலெண்' என்று ஆங்கிலத்திற் பெயர் பெற்ற வண்டியாம். ஆறரை லிட்டர் அளவுடைய எஞ்சின் பூண்ட 'ஸ்பீட் சிக்ஸ்' என்னும் வகையைச் சார்ந்தது அது. முதலாண்டில் பார்னாட்டோவும் பர்க்கினும், மறுவாண்டில் பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் அதனைச் செலுத்தினர். 1931-இல் அந்நிறுவனம் பொருள்முட்டால் வீழ்ந்து ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தாரின் கைப்பட்டது. வண்டியோ பந்தயங்களில் ஓடிக்கொண்டேயிருந்தது. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், எட்டு லிட்டர் எஞ்சின் பூட்டப்பட்டு, புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் நிகழ்ந்த ஐந்நூறு மைற் பந்தயத்திற் புகுந்தபோது, களத்தின் சரிந்துயர்ந்த கரையைக் கடந்து வீழ்ந்தது. செலுத்திய கிளைவ் டன்ஃபீ உயிர் துறந்தார். அதன்பின் அவ்வண்டி திருத்தப்பட்டுச் சாலைகளிற் செல்லும் மூடுவண்டியாக்கப் பெற்றது. பின்னரும் மாற்றங்கள் பல எய்திற்று.

1990-ஆம் ஆண்டில் அதனை உடையார் ஒருவர் ஒரு கோடி பவுன் விலைக்கு விற்க உடன்பட்டார். வாங்க ஒப்பிய நிறுவனத்தார் பின்னர், "இது பழைய முதலெண் அன்று, அதன் உறுப்புக்கள் இதன்கண் இல" என்று கூறிக் கொள்ள மறுத்தனர். வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றத்தில் ஆட்டன் என்னும் நடுவர் முன் வந்தது. அவர் உறுப்புத்தோறும் ஆராய்ந்து கண்டது இது: 1929-ஆம் ஆண்டில் வென்ற வண்டியின் உறுப்பாகக் காலம் வரையறுத்துக் காட்டத் தக்கது யாதொன்றும் இல்லை. 1930-ஆம் ஆண்டில் வென்றதன் உறுப்புக்களுள் எஞ்சியன மிதிகட்டைத் தண்டும், கியர் பெட்டியின் கூடும், ஸ்டீயரிங் தண்டும் ஆகிய இவையே. அடிச்சட்டமும் முன்னச்சும் எஞ்சினும் ஏனைச் சிலவும் 1932-ஆம் ஆண்டில் விழுந்து எழுந்த வண்டியின் உறுப்புக்கள். இந்நிலையில், 'இது அதுவே' எனல் பொருந்துமோ, பொருந்தாதோ?

இவ்வினா பழமையானது. மிலிந்தன் என்னும் யவன வேந்தனை நோக்கி நாகசேனன் என்னும் புத்த முனிவன், ஏறி வந்த தேர் யாது, அச்சோ, உருளையோ, நுகமோ, இவற்றின் கூட்டமோ, இவற்றின் வேறோ என ஒவ்வொன்றாக வினவி, எதுவும் தேரன்மையின் தேர் என்பது வழக்கிற்குரிய பெயர் மாத்திரையே என நிறுத்தினான். கிரேக்கருள் புளூட்டார்க் என்பார், தீசியூஸ் என்னும் வீரனது மரக்கலத்தின் பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் ஒன்றொன்றாக மாற்றி வந்தமையால், அஃது அதுவே என்பாரும் அன்றென்பாரும் ஆகத் தத்துவ நூலோர் இருதிறப்பட்டமையைக் குறித்தார். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு ஹாப்ஸ் என்பார் அதனை மேலும் நெருக்கி, கழித்த பழம்பலகைகளைத் தொகுத்து ஒருவன் வேறொரு கலம் சமைப்பானாயின் இரண்டனுள் எது தீசியூஸ் கலம் என வினவினார்.

இவர்தம் கூற்றுக்களை அடைவே நோக்குவாம். பெயர் மாத்திரையே எனின், ஒரு கோடி பவுன் ஒரு பெயருக்கு விலையாயிற்று எனல் வேண்டும். வெறும் பெயரை எவ்வண்டிக்கும் இட்டுவிடலாம். அவ்வாறு இட்டால் அவ்விலை வாராது. வாராமை என்னை? பெயர்க்கு அடியாக உலகத்து நிகழ்ந்த நிகழ்ச்சிகள் சில உண்மையான் என்க. அந்நிகழ்ச்சிகளோடு தொடர்ச்சி உடையதே அப்பெயர்க்கு உரியது. ஆகலின் பெயர் மாத்திரை எனல் ஒவ்வாது. மற்று, உறுப்புக்களே பொருள், அவை மாறியவழி பொருளும் மாறிற்று எனின், ஒரு சக்கரத்தின் இரப்பரை மாற்றிய அன்றே வண்டி வேறாதல் வேண்டும். பந்தயத்தின் நடுவிலேயே உறுப்பு மாற்றுதல் உண்மையின், புறப்பட்டது ஒன்று, வென்றது ஒன்று என முடியும். அதுவும் உலகொப்பாது.

நடுவர் கண்ட முடிபு இவ்விரு கோடிக்கும் இடைப்பட்டது. அவ்வண்டி ஒருகாலத்தும் அழிந்து இல்லையாய்ப் பின் தோன்றியதன்று. மாற்றந்தோறும் மாற்றந்தோறும் தொடர்ந்து வந்தது. அப்பெயர்க்கு உரிமை கூறத் தக்க பிறிதொரு வண்டி உலகத்து இருந்ததும் இல்லை, இருப்பதும் இல்லை. ஆதலின் அது மெய்யான 'பழைய முதலெண்'ணே என்றும், ஆயின் தோன்றிய காலத்துத் தோன்றியவாறே நின்றது என்னும் பொருளில் அதனை 'முதற்பொருள்' எனல் ஆகாதென்றும் அவர் பகுத்துரைத்து, விற்றார் பக்கல் தீர்ப்பளித்தார்.

ஈண்டு மூன்று சொற்கள் தம்முள் வேறாதல் அறியப்படும். தோன்றியவாறே நிற்பது ஒன்று. மாறினும் தொடர்பறாது வந்தது ஒன்று. தொடர்பின்றி வடிவொப்புமை மாத்திரையே உடையது ஒன்று. முதலாவதை முதற்பொருள் என்றும், இரண்டாவதை மெய்ப்பொருள் என்றும், மூன்றாவதைப் படி என்றும் யாம் வழங்குவாம். மெய்ப்பொருளை முதற்பொருள் என்று விற்றல் பொய். படியை மெய்ப்பொருள் என்று விற்றல் பெரும்பொய். படியைப் படி என்றே விற்றலின்கண் யாதொரு குற்றமும் இன்று. ஆகவே குற்றம் பொருளின்கண் உள்ளதன்று, பொருளுக்கும் சொல்லுக்கும் உள்ள பொருத்தமின்மைக்கண் உள்ளது என்பது பெற்றாம்.

ஹாப்ஸ் எழுப்பிய வினாவும் இதனால் விடைபெறும். ஒரு வண்டியின் அடிச்சட்டம் ஒருவன்பாலும், எஞ்சினும் மேற்கூடும் மற்றொருவன்பாலும் சென்று, இருவரும் குறைந்தவற்றைப் புதிதாக இயற்றி, ஒரே எண்ணைப் பொறித்த இரண்டு வண்டிகளை விற்பனைக்குக் கொணர்தல் கூடும். அவ்வழி, யாது தொடர்பு எதன்கண் உளது என இருவரும் பிரித்துக் கூறுவாராயின் இருவரும் மெய்யரே. இருவரும் முழுமையும் தம்மதே என்பாராயின் இருவரும் பொய்யரே. எது அது என்னும் வினாவிற்கு உலகம் திட்டமான விடை தாராதபோதும், 'நிகழ்ந்தது யாது' என்னும் வினாவிற்கு விடை உண்டு. விற்பான் கடன் நிகழ்ந்ததைக் கூறுதலேயாம். தத்துவ வழக்கைத் தீர்த்தல் அன்று.

இவ்விடத்து ஒரு நுட்பம் கருதற்பாலது. மக்கள் உடம்பும் உறுப்பு மாறி வருவதே. ஆயின், "அன்று அது செய்தேன் யானே, இன்று இது செய்வேன் யானே" என்று அறிந்து கூறும் அறிவுடைப் பொருள் ஒன்று அவ்வுடம்பின்கண் உளது. வண்டி சடம். சடம் தன்னைத் தான் அறியாது. தன் வரலாற்றைத் தான் சொல்லாது. ஈராண்டு வென்றதும், ஓர் உயிரைக் கொண்டதும், எஞ்சின் மாறியதும் அதற்குத் தெரியா. அதன் வரலாறு முழுவதும் அதனை உடையாருடைய நினைவிலும் ஏட்டிலுமே தங்கி நிற்கும். ஆதலின் உடையான் என்பான் அப்பொருளுக்கு உரியவன் மாத்திரை அல்லன்; அதன் நாவும் அவனே. தன்னுடைமையைப் பற்றிப் பொய் கூறுவான், வாங்குவானை வஞ்சித்தலோடு, சொல்லமாட்டாத ஒன்றன் சான்றையும் கெடுத்தவனாகின்றான். அக்கேடு ஒருவரோடும் ஒழிவதன்று. அவன் பொய்யை நம்பி அடுத்தவன் சொல்ல, அவனை நம்பி மற்றவன் சொல்ல, வழிவழிச் செல்லும்.

இஃது உரையளவையன்று, நிகழ்ந்தது என்பதற்கு மற்றொரு வழக்குக் காட்டுதும். இங்கிலாந்தில் ஒருவர் தம் பழைய மாரிஸ் வண்டியை மோட்டார் வணிகர்க்குக் கொடுத்துப் புதுவண்டி கொண்டார். அது 1948-ஆம் ஆண்டு வண்டி எனப் பதிவேடு காட்டியது; அவரும் அவ்வாறே கூறினார்; வணிகர் 290 பவுன் மதித்தனர். உண்மையில் அது 1939-ஆம் ஆண்டினது. 175 பவுனே பெறும். முன்னர் அதனை வைத்திருந்த யாரோ ஒருவன் பதிவேட்டைத் திரித்துவிட்டான். ஒன்பதாண்டிடையில் அவ்வகை வண்டியின் தோற்றம் மாறாமையின் கண்டாரும் ஐயுற்றிலர். 1957-ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றத்தார், சொன்னவர் ஏட்டில் உள்ளதை நம்பிச் சொன்னாரேயன்றித் தாமாக அறியும் வாயில் அவர்க்கு இன்று. வணிகரோ ஆராய்ந்தறியும் திறமுடையார். ஆதலின் சொன்னவர் ஈடு செய்ய வேண்டுவதின்று எனத் தீர்த்தனர்.

எட்டாண்டு கழிந்து, 1965-இல், இதற்கு மறுதலையாகிய வழக்கு வந்தது. ஒரு வணிகர் தாம் விற்ற பென்ட்லி வண்டி, எஞ்சினும் கியர் பெட்டியும் மாற்றப்பட்ட பின்னர் 20,000 மைல்களே ஓடியது என்றார். உண்மையில் அது ஓடியது 1,00,000 மைல் அளவாம். அவர் அறிந்தே பொய் கூறினார் என மன்றத்தார் கொண்டிலர். எனினும், அறியும் வாயில் உடையவர் அறியாது சொன்னமையின் அச்சொல்லுக்கு அவரே பொறுப்பாவர் என முடித்தனர். இரு வழக்கிலும் மன்றத்தில் இருந்து உரைத்தவருள் டென்னிங் பிரபுவும் ஒருவர்.

இவ்விரண்டானும் பெறப்படுவது யாது? அறிந்து பொய்த்தல் ஒன்றே பொய் என்பது உலகினர் கருத்து. அதனோடு, ஆராய்ந்தறிய வல்லவன் ஆராயாது துணிந்து கூறுதலும் பொய்யின் பாற்படும் என்க. என்னை? சொல்லுவான் தன் சொல்லுக்குள் இரண்டனை உணர்த்துகின்றான்: ஒன்று, பொருள் இத்தன்மைத்து என்பது, மற்றொன்று, 'யான் இதனை அறிவேன்' என்பது. முன்னையது தற்செயலாக மெய்யாயினும், பின்னையது பொய்யாயின் அவன் பொய்யனே. 'இவ்வாறு ஏடு கூறுகின்றது, யான் ஆராய்ந்திலேன்' என்று கூறுவானாயின் ஏடு பொய்ப்பினும் அவன் பொய்த்தவன் ஆகான்.

இனி, எல்லாவற்றினும் அரியது வாளாவிருத்தலைப் பற்றிய வினா. பொய் ஒன்றும் கூறாது, வினவாததனைச் சொல்லாது விடுதல் குற்றமோ எனின், இதனைப் பற்றி உரோம நாட்டுச் சிசரோ என்பார் கி.மு. 44-இல் தம் மகனுக்கு எழுதிய கடமை நூலில் விரித்து ஆராய்ந்தனர். ரோட்ஸ் தீவிற் பஞ்சம்; அலெக்சாந்திரியாவினின்றும் ஒரு வணிகன் கூலம் ஏற்றிக்கொண்டு அங்குச் சேர்கின்றான்; வேறு கலங்கள் பலவும் கூலத்தோடு பின்னே வருதலை வழியிற் கண்டவன் அவன்; அதனை அத்தீவினர்க்குக் கூறல் வேண்டுமோ, கூறாது உயர்ந்த விலைக்கு விற்கலாமோ? டயோஜெனீஸ் என்பார், சட்டம் கேட்கும் அளவு கூறினாற் போதும், ஏனையவற்றைக் கூறாமை மறைத்தல் அன்று என்றார். அவர் மாணாக்கராகிய ஆன்டிபேட்டர், மக்களெல்லாரும் ஓரினமாகலின், விற்பான் அறிந்தது யாதும் வாங்குவான் அறியாதிருத்தல் தகாது என்றார். சிசரோ மாணாக்கர் பக்கலே நின்றார். சொல்லாமை எல்லாம் மறைத்தலன்று. நீ அறிந்ததனை, அறிதலாற் பயனெய்தும் பிறன் அறியாதிருத்தல் வேண்டும் என நின் ஊதியத்தின் பொருட்டு விரும்புதலே மறைத்தல் என்பது அவர் துணிபின் சாரம்.

இத்துணிபு மோட்டார் வாணிகத்தில் நேரே பொருந்தும். வாங்குவான் வருமுன் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி வைப்பான் ஒருவன். குளிர்ந்த நிலையிற் புறப்படாத அதன் நோய் அதனால் வெளிப்படாது. துருவேறிய தகட்டிற்குப் பட்டி பூசி மேலே வண்ணம் அடிப்பான் மற்றொருவன். எண்ணெய் ஒழுகும் இடத்தைத் துடைத்து வைப்பான் பிறனொருவன். மூவரும் வாய் திறந்து ஒரு பொய்யும் கூறிற்றிலர். ஆயினும் மூவரும் பொய்யரே. சூடான எஞ்சின் 'யான் எளிதிற் புறப்படுவேன்' என்று கூறுகின்றது. வண்ணம் 'என்கீழ் நல்ல தகடு உளது' என்று கூறுகின்றது. நாவினாற் சொல்லாததனைக் கையினாற் சொல்லுவித்தல் சொல்லாமை ஆகாது.

சிரக்கூஸ் நகரத்துப் பிதியஸ் என்பானும் இவ்வாறே செய்தான் எனச் சிசரோ அந்நூலிற் கூறினர். தன் தோட்டத்தை ஒருவன் விரும்புதல் கண்டு, அவனை விருந்திற்கு அழைத்த நாளில் மீனவர் பலரைத் தோட்டத்தின் முன்னர் வந்து வலைவீசி மீனைக் கொணர்ந்து குவிக்க ஏவினான். விருந்தினன் அவ்வளத்தைக் கண்டு மயங்கிக் கேட்ட விலை கொடுத்தான். மறுநாள் மீனவரும் இல்லை, மீனும் இல்லை. பிதியஸ் 'இங்கு மீன் மிகுதி' என்று வற்புறுத்த வேண்டியதே இன்றாயிற்று. படகுகளே அதனைச் சொல்லின.

ஈண்டு ஒருசாரார் தடை நிகழ்த்துவர். "எல்லாவற்றையும் எடுத்துக் கூறுவானாயின் வாணிகம் நடவாது. வாங்குவான் கண்ணிலியல்லன், தேர்ந்து கொள்ளுதல் அவன் கடன். அன்றியும் திருவள்ளுவனார் குற்றமற்ற நன்மை பயக்குமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தது என்றாராகலின், குடும்பத்தைக் காத்தற்பொருட்டு ஒருசிறிது மறைத்தல் அமையும்" என்பது அவர் கூற்று. இது பொருந்தாது. தேர்ந்து கொள்ளுதல் வாங்குவான் கடனாதல் உண்மையே; ஒருவன் கடன் மற்றொருவன் கடனைக் கழிப்பதில்லை. வீட்டிற்குத் தாழிடாதவன் மடவனாயினும், புகுந்து கவர்ந்தவன் கள்வனே. திருவள்ளுவனார் கூறிய நன்மை 'குற்றந்தீர்ந்த' என்னும் அடை பெற்றது. ஒருவன் இழப்பிலிருந்து மற்றொருவன் பெறும் ஊதியம் குற்றந்தீர்ந்தது ஆமாறு இல்லை. அன்றியும் அவர் வாணிகம் செய்வார் இயல்பைப் பொருட்பாலிற் கூறாது அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தமையை அத்தடையாளர் நோக்கிற்றிலர்.

வாணிகம் நடவாது என்பதற்கு விடை வேறு. எல்லாம் கூறுக என யாமும் சொல்லுகின்றிலேம். வாங்குவான் தன் கண்ணாற் காணக்கிடப்பதைக் கூற வேண்டுவதின்று. தான் வாங்கிய விலையைக் கூற வேண்டுவதின்று. விற்கும் காரணத்தை எல்லாம் விரிக்க வேண்டுவதின்று. விற்பான் அறிந்ததும், வாங்குவான் எளிதில் அறியவொண்ணாததும், அறிந்தால் விலையையோ துணிவையோ மாற்றுவதுமாகிய மூன்றும் ஒருங்கு அமைந்ததனையே கூறல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் கூறாமை குற்றமன்று. பந்தய வண்டியின் அடிச்சட்டம் ஒருகால் வளைந்து நேராக்கப்பட்டது என்பது இம்மூன்றும் உடையது. அதனைக் கூறாது விட்டான், விரைந்து செல்லும்போது வாங்கினவன் உயிர்க்கே இடர் விளைப்பானாதலின், அவன் குற்றம் பொருளளவில் நில்லாது கொலையின் எல்லையையும் அணுகும்.

இனி, வாங்குவானும் இவ்வறத்தின் புறத்தானல்லன். கணவனை இழந்தாள் ஒருத்தி கொட்டகையிற் கிடந்த வண்டியைப் பழைய இரும்பென்று கருதிச் சிறுவிலைக்குக் கொடுக்க முன்வருகின்றாள் என்க. வந்தவன் அடிச்சட்டத்து எண்ணைக் கண்டு, அது பெருவிலை பெறும் அரும்பொருள் என்று அறிந்து, முகத்தில் ஒன்றும் காட்டாது பணத்தை எண்ணிக் கொடுக்கின்றான். தன் கல்வியின் பயனைத் தான் பெறுகின்றான் என அவனைப் பாராட்டுவாரும் உளர். யாம் முன்னர்க் கூறிய மூன்றும் ஈண்டும் அமைந்தன காண்க: அவன் அறிந்தது, அவள் அறியவொண்ணாதது, அறிந்தால் விலை மாறுவது. ஆகலின் விற்பானுக்கு ஒரு நீதி, வாங்குவானுக்கு ஒரு நீதி எனக் கொள்ளல் நடுவுநிலைமை அன்று. உரோம நாட்டு ஸ்கெவோலா என்பார் ஒரு நிலம் வாங்கப் புகுந்து, விற்பான் கூறிய விலையினும் தாம் அதனை மிகுதியாக மதிப்பதாகக் கூறி, நூறாயிரம் வெள்ளிக்காசு கூட்டிக் கொடுத்தார் என்று சிசரோ எழுதினர். அவர் செயல் நல்லார் செயல் என எல்லாரும் ஒப்புவர். அறிவுடையார் செயல் என ஒப்பாதார் பலராம். அறத்தையும் அறிவையும் அவ்வாறு பிரித்தலே பிழை எனச் சிசரோ முடித்தனர். யாமும் அதனையே உடன்படுகின்றாம். கல்விக்கு ஊதியம் பெறுதல் தகும்; மற்றவர் அறியாமைக்கு ஊதியம் பெறுதல் தகாது.

'நன்கு பேணப்பட்டது' என்னும் சொல்லின் பொருளையும் ஈண்டு வரையறுத்தல் வேண்டும். ஓட்டாது உறையிட்டு மூடிவைத்தலே பேணுதல் எனப் பலர் கருதுவர். நெடுங்காலம் ஓடாத வண்டியில் இரப்பர்க் குழாய்கள் உலர்ந்து வெடிக்கும். பிரேக்கின் நெய்மம் ஈரத்தை ஈர்த்து உட்புறத்தை அரிக்கும். எண்ணெய் வழிந்துபோன உறுப்புக்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஆகவே அளவாக இயக்குதலும், தேய்ந்ததனைக் காலத்தில் மாற்றுதலும், மாற்றியதனை மறவாது எழுதிவைத்தலும் ஆகிய மூன்றும் கூடியதே பேணுதல். பழைய வண்டிகளைப் போற்றும் கழகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பார் 2013-இல் வெளியிட்ட தூரின் பட்டயமும், மாற்றி வைத்த உறுப்புக்களை அடையாளமிட்டுக் காட்டுதலும் செய்த வேலைகளை ஏட்டிற் பதிதலும் வேண்டும் என வற்புறுத்துகின்றது. மாற்றத்தை ஒழிக்க எவராலும் ஒல்லாது; மாற்றத்தை மறைத்தலை ஒழிக்க ஒல்லும். புதிய உறுப்பின்மேல் 'இது புதியது' என்று பொறித்தல், அச்சடப்பொருளுக்கு ஒரு மெய்ச்சொல்லைக் கொடுத்து விடுதலாம்.

இத்துணையுங் கூறியவற்றாற் போந்த முடிபுகள் வருமாறு: உறுப்பு மாறினும் தொடர்பறாத பொருள் மெய்ப்பொருளே, ஆயின் அதனை மாறாதது எனக் கூறல் பொய். சடப்பொருளின் வரலாற்றுக்கு உடையான் சொல்லே சான்றாகலின், அவன் வாய்மை அப்பொருளின் ஒருகூறேயாம். அறியும் வாயிலுடையான் அறியாது துணிந்து கூறுதலும், கையினாற் பொய் சொல்லுவித்தலும், கூறற்பாலதனைக் கூறாது விடுதலும் பொய்யின் வகைகளே. இக்கடன் விற்பானுக்கும் வாங்குவானுக்கும் ஒக்கும்.

இவை மோட்டார் வண்டிக்கே உரியனவல்ல. பழஞ்சுவடியை விற்பானும், பழம்படிமத்தை விற்பானும், ஒரு நூலுக்குப் பழைய பாடம் இதுவே எனப் பதிப்பித்துக் கொடுப்பானும் இந்நெறியின் உட்பட்டவரே. தான் திருத்திய பாடத்தைத் திருத்தியது என்று குறியாது வைத்த பதிப்பாசிரியனும், பட்டியின்மேல் வண்ணம் அடித்த வணிகனும் வினையால் ஒருவரே. ஆகலின் புலவராயினார் இதனை வணிகர்க்கு உரைத்த அறம் எனக் கருதித் தாம் ஒழிந்து நில்லாராக. இக்கட்டுரைக்கண் யாம் கூறிய மூவிலக்கணம் மிகைபடக் கிடக்கின்றதோ, குன்றக் கிடக்கின்றதோ என்பதனை இவ்விதழ் பயிலும் அறிஞர் ஆராய்ந்து எழுதுவாராயின் அதனை உவந்து ஏற்போம்.